யோசித்துச் சொல்பவர்

அவரிடம் எதைக் கேட்டாலும் காத்திருக்க வேண்டும். பெரிய கேள்விதான் என்றில்லை. டீயா காபியா என்று கேட்டாலும் அப்படித்தான். கேட்டதும் பார்வை லேசாகக் கீழே இறங்கும். துப்பட்டாவின் நுனியை இரண்டு விரல்களால் உருட்டத் தொடங்குவார். பிறகு ஒன்றும் நடக்காது. கேட்டவர் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகக் கேட்பார். காது மந்தமோ என்கிற மாதிரி பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்ப்பார். கடைசியில் பதில் வரும். வந்தால் அதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் அதற்குள் டீக்கடைக்காரர் டீயைப் போட்டுக் கையில் கொடுத்திருப்பார். அவருக்குக் காபிதான் பிடிக்கும். நான் பார்த்தவரை வெளியில் அவர் குடித்ததெல்லாம் டீதான்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டிருந்தால் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார். வகுப்பில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய தெருவில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் அந்த வகுப்பு நடந்தது. இணையதளம் உருவாக்கும் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்து, இன்டர்வியூவுக்கும் தயார் செய்வார்கள். நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சலித்துப்போய் அங்கே சேர்ந்திருந்தேன். மற்றவர்களும் என் வயதுதான். அக்கா மட்டும் நாற்பதைத் தாண்டியவர். பாடம் எடுத்த சார் அவரைவிட ரொம்பச் சின்னவர். முதல் நாள், ஏன் இந்த கோர்ஸில் சேர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். அக்காவின் முறை வந்தது. அக்கா துப்பட்டாவை உருட்டினார்.

"மேடம், உங்களைத்தான்."

பதில் இல்லை. சார் சங்கடத்தோடு சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போனார். அடுத்தவர் சொன்னார், அதற்கடுத்து நான் சொன்னேன், எனக்குப் பின்னால் இருந்த பையன் அமெரிக்கா போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்காவின் குரல் வந்தது.

"எனக்கு வேலை வேணும் சார். ஆபீஸ் போற வேலை."

வகுப்பே சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்ட மாதிரியே தெரியவில்லை. இத்தனை பேர் ஒரே நேரத்தில் சிரிக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

இன்டர்வியூ பயிற்சிக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது சார் என்னை அக்காவோடு சேர்த்துவிட்டார். நான் அதிகம் பேசுகிறவள் என்பதால் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கலாம். எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். அப்பா பள்ளி ஆசிரியர். வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும். சர்ச் பாட்டுக்குழு எங்கள் ஹாலில்தான் பாடிப் பழகும். ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுகிற வீடு. தெரிகிறதோ தெரியவில்லையோ, முதலில் வாயைத் திற, சொல்லிக்கொண்டே போனால் எங்காவது போய்ச் சேரும் என்பது என் வழி. அதைத்தான் அக்காவுக்கும் சொன்னேன்.

"அக்கா, சும்மா இருந்தா தெரியலைன்னு நினைச்சுப்பாங்க. 'லெட் மீ திங்க்'னாவது சொல்லுங்க."

அவர் யோசித்தார்.

"யோசிக்கிறேன்னு சொல்லிக்கிட்டிருந்தா எப்படிம்மா யோசிக்கிறது?"

கீழ்க்கட்டளையில் இருந்து அவர் வருவார். வகுப்பு முடிந்ததும் தாம்பரத்தில் ரயிலேறி, பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடிப்பார். ஒரு முறை நானும் கூடப் போனேன். ஆட்டோக்காரர் வண்டியை எடுக்கும்போதே தலையைத் திருப்பி, "எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இடம் தெரியாது. அக்கா கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, எறங்குற எடம் கேட்டா பரிச்சை எழுதற மாதிரி யோசிக்கிற. வூடு எங்க கீதுன்னு தெரியாதா?"

வண்டி ஈச்சங்காட்டை நெருங்கும்போது அக்கா சொன்னார். "பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, மெடிக்கல் ஷாப் வாசல்ல. அங்க தண்ணி தேங்கி இருந்தா அதுக்கு முன்னாடியே."

"சூப்பர்மா. இத்த சொல்ல இம்மா நேரம்."

ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மெடிக்கல் ஷாப் வாசலில் தண்ணீர் தேங்கித்தான் இருந்தது. நாங்கள் முன்னாடியே இறங்கினோம்.

அவர் வீடு முதல் மாடியில், இரண்டு அறை. ஒரு அறையில் அவர் படிக்கிற மேஜை. இன்னொன்றில் ஆஸ்பத்திரியில் போடுகிற மாதிரி தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய இரும்புக் கட்டில், மெத்தையை எடுத்துவிட்டு வெறும் சட்டமாக. சுவரோரம் ஒற்றை நாற்காலி, கட்டிலைப் பார்த்தபடி. அந்த வீட்டில் அது ஒன்றுதான் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்துபோயிருந்தது.

அன்றைக்கு நான் இன்டர்வியூ எடுப்பவளாக நடிக்க வேண்டும். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, அவருடைய விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எம்.சி.ஏ. பண்ணியிருக்கீங்க. வேளச்சேரில வேலை பார்த்திருக்கீங்க. அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல ஒண்ணுமே இல்லையே மேடம்? என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

எல்லா இன்டர்வியூவிலும் இதைக் கேட்பார்கள் என்று சார் சொல்லியிருந்தார். பதிலும் எழுதிக் கொடுத்திருந்தார். குடும்பப் பொறுப்புகள், இப்போது முழு மூச்சாகத் திரும்பி வரத் தயார். இவ்வளவுதான். அக்கா அதைச் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, இன்டர்வியூவை விட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

"அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துது. உயிர் பொழைச்சுட்டாங்க, பேச்சுதான் போச்சு. சுத்தமா போகலை. ஒரு வார்த்தை வரும், ரொம்ப நேரம் கழிச்சு. அது வர்றதுக்குள்ள நாம எதாவது பேசிட்டா அவங்களுக்கு வந்துக்கிட்டிருந்ததும் போயிடும். அழுவாங்க. அதனால நான் வாயைத் திறக்க மாட்டேன்."

நான் விண்ணப்பத்தை மடியில் வைத்தேன்.

"ஒரு நாள் காலையில 'அந்த'ன்னாங்க. அந்தத் தண்ணியா, அந்தப் போர்வையான்னு கேட்கலாம். கேட்கக் கூடாது. நான் சமையலை முடிச்சேன், துணி துவைச்சேன், வந்து வந்து நின்னேன். சாயங்காலம் 'ஜன்னல்'னாங்க. போய்த் திறந்தேன். அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு."

சமையலறையில் பால் பொங்கும் வாசனை வந்தது. அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"கடைசியா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 'நீ'ன்னாங்க. என்னைப் பார்த்துதான் சொன்னாங்க. நான் அந்தச் சேர்லயே உட்கார்ந்திருந்தேன். ரெண்டு நாள். அப்புறம் அவங்க இல்லை."

அன்று பயிற்சி அதோடு நின்றது. காபி கொடுத்தார். நன்றாக இருந்தது. மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன்.

"நேத்து கேட்டியே, பத்து வருஷம் என்ன பண்ணேன்னு. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்னு சொல்லலாமா?"

"இன்டர்வியூல அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுக்கா."

"சரி" என்றார். அதை மட்டும் உடனே சொல்லிவிட்டார்.

பெருங்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் நேரடித் தேர்வு என்று இரண்டு பேருமாகப் போனோம். என்னை எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியும் விடாமல் பேசியிருந்தேன். அக்காவின் முறை வந்தபோது, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்ட பெண், இவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் 'வி வில் கெட் பேக் டு யூ' என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். திரும்பும் வழியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி பஸ் நெரிசலில் நின்றது. தண்ணீரில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றிருந்தன. அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். மேடவாக்கத்தில் இறங்கும்போது என் கையைப் பிடித்து, "நீ நல்லா வருவே" என்றார்.

அதன் பிறகு அவர் ஆன்லைனில் நடக்கும் இன்டர்வியூக்களுக்கு எழுதிப்போட்டார். நேரில் என்றால்தான் பயம், திரை என்றால் பரவாயில்லை என்று நான்தான் தைரியம் சொன்னேன். ஒரு இன்டர்வியூவுக்கு என்னைக் கூட இருக்கச் சொன்னார். வேலையில் சேர எனக்கு இன்னும் நாள் இருந்தது. காலையிலேயே கீழ்க்கட்டளை போய்விட்டேன். அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விழாதபடி திரைச்சீலையை இழுத்துக் கட்டினேன். மைக்கில் சத்தம் வருகிறது என்று ஃபேனை நிறுத்தினேன். அக்கா காட்டன் புடவை கட்டி, பொட்டு வைத்து, முதுகை நேராக்கி உட்கார்ந்தார். நான் கேமராவில் தெரியாத இடமாக சமையலறை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

எதிரே ஒரு ஆண், ஒரு பெண். இருவருமே அன்பாகத்தான் பேசினார்கள். அந்த ஆள் சொன்னார்: "மேம், ஒரு பேசிக் கொஸ்டின்ல ஆரம்பிக்கலாம். பிரவுசர்ல ஒரு அட்ரஸை டைப் பண்ணி என்டர் தட்டினா, பேஜ் வர்ற வரைக்கும் என்னென்ன நடக்குது?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை நாங்கள் எத்தனையோ தடவை பேசிப் பார்த்த கேள்வி. ஆனால் அக்காவுக்கு ஒப்பிக்க வராது. தெரிந்த கேள்வியையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் கேட்டுக்கொள்வார். பார்வை இறங்கியது. கை மேஜைக்குக் கீழே முந்தானையை உருட்டிக்கொண்டிருக்கும். அது திரையில் தெரியாது. திரைச்சீலை அசையவில்லை. ஃபேன் ஓடவில்லை. அந்தச் சதுரத்துக்குள் எதுவுமே அசையவில்லை.

"ஹலோ மேம்? கேட்குதா?"

நான் கையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"ஃப்ரீஸ் ஆயிட்டாங்கன்னு நினைக்கிறேன்" என்றது பெண் குரல்.

"ஆமா, வீடியோ நின்னுடுச்சு. மேம், உங்க நெட்வொர்க்ல ஏதோ பிராப்ளம். நாங்க திரும்பக் கூப்பிடறோம்."

அவர்களுடைய இரண்டு சதுரங்களும் மறைந்தன. திரையில் அக்காவின் முகம் மட்டும் பெரிதாகி நின்றது. நான் அறைக்குள் காலெடுத்து வைத்தபோது அவர் நிமிர்ந்து, அந்தத் திரையைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"முதல்ல, பிரவுசருக்குப் பேரு மட்டும்தான் தெரியும். அது எங்க இருக்குன்னு தெரியாது. அதனால இடத்தைச் சொல்ற ஒரு சர்வர்கிட்ட கேட்கும். அதுக்குத் தெரியலைன்னா அது இன்னொண்ணைக் கேட்கும். பதில் வர்ற வரைக்கும் பிரவுசர் காத்திருக்கும். இடம் தெரிஞ்சதும் நேரா பேஜைக் கேட்டுடாது. பேசலாமான்னு முதல்ல கேட்கும். பேசலாம்னு அந்தப் பக்கத்துல இருந்து வந்த அப்புறம்தான் கேட்கும். பேஜ் மொத்தமா வராது, துண்டு துண்டா வரும். முன்னது பின்னது மாறி வரும். அதையெல்லாம் வரிசையா அடுக்கும். ஒரு துண்டு வரலைன்னா விட்டுடாது, திரும்பவும் கேட்கும். எல்லாம் வந்து சேர்ந்தாத்தான் நமக்கு அது ஒரு பக்கமா தெரியும்."

முடித்துவிட்டு லேசாகத் தலையசைத்தார். அடுத்த கேள்விக்குக் காத்திருக்கும் முகம் அது.

"அக்கா, அவங்க கட் பண்ணிட்டாங்க."

அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"கேட்டாங்கல்ல."

அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. நான் ஃபேனைப் போட்டேன். புடவையை மாற்றிக்கொண்டு வந்து எனக்குத் தோசை வார்த்துக் கொடுத்தார். நான் எதை எதையோ சொல்லி அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். அவர் கல்லைப் பார்த்து நின்றிருந்தார். எனக்குப் போதும் என்று நான் சொன்ன பிறகும் இன்னொன்று வார்த்தார்.

நான் வேலையில் சேர்ந்தேன். சில மாதங்களில் பெங்களூருக்கு மாற்றினார்கள். அக்காவுக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனி. பேசவே வேண்டியிருக்கவில்லையாம். ஒரு வேலையைக் கொடுத்து வீட்டிலேயே செய்து அனுப்பச் சொன்னார்கள். கேள்விகளையும் எழுத்தில் அனுப்பினார்கள். இவர் யோசித்து யோசித்து எழுதிய பதில்களைப் படித்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்களாம். வீட்டில் இருந்தபடியே வேலை. நான் போன் செய்து கத்தினேன். எங்கள் வீட்டு ஹாலில் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த மாதிரி ஒரு அமைதி அந்தப் பக்கம்.

"தேங்க்ஸ்மா" என்றார் பிறகு.

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது, சான்றிதழ் வாங்கிக்கொள்ள மார்க்கெட் தெரு மாடிக்குப் போனேன். வகுப்பில் புது முகங்கள். சார் பலகையில் எதையோ வரைந்து சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில், சுவர் ஓரமாக, லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். பாடத்தைக் கவனிக்கவில்லை. தன் கம்பெனி வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

"மேடம் டெய்லி வந்துடறாங்க" என்றார் சார் வாசலில், குரலைத் தாழ்த்தி. "நான் ஒண்ணும் கேட்கறதில்லை. வைஃபை இருக்கு, இடம் இருக்கு. உட்காரட்டும்."

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இங்கே ஏன் வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். சார் பலகையை அழித்துவிட்டு அடுத்த படத்தை வரையத் தொடங்கியபோது பதில் வந்தது.

"ஆபீஸ்ல எல்லாரும் நல்லவங்கதான். எது வேணும்னாலும் டைப் பண்ணுவாங்க, நானும் டைப் பண்ணுவேன். சாயங்காலம் லேப்டாப்பை மூடறப்பதான் தெரியும், காலையில இருந்து நான் வாயே திறக்கலைன்னு. வாசல்ல யாராவது கூப்பிட்டா, குரல் கரகரன்னு யாருதோ மாதிரி வருது." விரல் துப்பட்டாவை உருட்டியது. "அம்மா இருந்தப்ப ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தையாவது இருந்தது. இங்க வந்தா சத்தம் இருக்கு. இதுங்க சண்டை போடுது, சிரிக்குது. எனக்கு வேலை ஓடுது."

முன் பெஞ்சில் ஒரு பெண் யாரையோ அடித்துவிட்டுச் சிரித்தாள். அக்கா திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே புன்னகைத்தார். மதியம் முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்தேன். மாலையில் ஸ்டேஷன் வரை நடந்தோம். பல்லாவரம் போக வண்டி வந்ததும் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார். கூட்டத்தில் அவர் முகம் தெரியவில்லை. கம்பியைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது.

அடுத்த வருடம் அந்த மாடி வகுப்பு மூடப்பட்டுவிட்டது. சார் எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றிக்கொண்டார். அக்கா என்ன செய்கிறாரோ என்று நினைப்பேன். நினைத்ததோடு சரி, போன் செய்யாமல் இருந்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரே கூப்பிட்டார். கம்பெனியில் சென்னையில் இருக்கிறவர்களுக்காக மேடவாக்கத்தில் ஒரு சின்ன இடம் எடுத்திருக்கிறார்களாம். நான்கு மேஜை. வாரத்தில் இரண்டு நாள் போகிறாராம்.

"ஆபீஸ் எப்படிக்கா இருக்கு?"

காத்திருந்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து அடங்கியது.

"எல்லாரும் ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. பக்கத்துல இருக்கறவங்களே மெசேஜ்தான் அனுப்பறாங்க. முதல் நாள் நான் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போனேன். மேஜையிலயே சாப்பிட்டேன்."

அவர் இன்னும் முடிக்கவில்லை என்பது தெரிந்தது.

"முந்தின வாரம் வியாழக்கிழமை பக்கத்து சீட் பொண்ணு ஹெட்போனைக் கழட்டிட்டு, 'மேம், மாடில சாப்பிடப் போறேன், வரீங்களா'ன்னு கேட்டா. நான் நிமிர்ந்து பார்க்கறதுக்குள்ள போயிட்டா. வர விருப்பமில்லைன்னு நினைச்சிருப்பா."

"ஐயோ."

"அடுத்த தடவை ஆபீஸ் போறதுக்கு நடுவுல நாலு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவ எந்திரிச்சதும் நானும் டப்பாவை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். அவ முன்னாடி போய் நின்னு, 'வரேன்'னு சொன்னேன். 'எங்க மேம்'னா. 'வியாழக்கிழமை கேட்டியேம்மா, சாப்பிட வரீங்களான்னு. வரேன்'னேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சிரிச்சுட்டாளாக்கா?"

"இல்ல." என்றார். "என் டப்பாவை வாங்கிக்கிட்டா. மாடிக்கு ஏறினோம். அங்க ஒரே ஒரு சேர் நிழல்ல இருந்தது. அதுல என்னை உட்கார வெச்சுட்டு, அவ தண்ணி டேங்க் திட்டுல உட்கார்ந்து, அவளோட தக்காளி சாதத்துல பாதியை எடுத்து என் மூடியில வெச்சா."